'வரி யாரு கட்டறா, காசு எங்க போகுது?': தாயில்பட்டி டீக்கடை வாக்குவாதத்துக்கு ஒரு விளக்கம்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை அருகே உள்ள தாயில்பட்டி. பட்டாசு ஆலைகளில் வேலை முடிந்து வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் சாயங்கால நேரம். டீக்கடை பெஞ்சில் நாலு நண்பர்கள் உட்கார்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வரிப் பணத்தில்தான் வந்து நிற்கும்.

"நாங்க கட்டற வரியிலதான் மாப்ள இந்த கவர்ன்மென்டே ஓடுது" என்பார் பட்டாசுக் கடை வைத்திருப்பவர்.

"நீ எங்க கட்டற? வாங்குறவன்கிட்ட வாங்கித்தான கட்டற" என்று மடக்குவார் மருந்து அறையில் வேலை பார்க்கும் நண்பர்.

"யாரு கட்டுனா என்ன, எல்லாம் வடக்கதான் போகுது" என்பார் மூன்றாமவர்.

"மாசம் ஆயிரம் ரூபா கைக்கு வர்றப்ப மட்டும் கவர்ன்மென்ட் வேணும், மத்த நேரம் வேணாமா?" என்பார் நான்காமவர்.

டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. நாலு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் விடுபட்டும் இருக்கிறது. பட்டாசுத் தொழிலையே உதாரணமாக வைத்து ஒவ்வொரு வாதத்தையும் விரிவாகப் பார்க்கலாம்.

பட்டாசுக்கு எவ்வளவு வரி?

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது பட்டாசு 28% வரியில் வைக்கப்பட்டது. சிவகாசி வட்டாரத்தில் ஆலைகளை மூடிப் போராட்டம் நடத்தினார்கள்.

எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்பு ஆண்டுக்கு ரூ.1.5 கோடிக்குள் விற்பனை செய்த சிறு ஆலைகளுக்கு மத்திய கலால் வரியில் விலக்கு உண்டு. மாநிலத்தின் மதிப்புக்கூட்டு வரியைக் கட்டினால் போதும். ஜிஎஸ்டி வந்ததும் சிறிய ஆலை, பெரிய ஆலை இரண்டின் சரக்குக்கும் ஒரே விகிதம் என்றானது.

2017 நவம்பரில் கவுகாத்தியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் 28% பட்டியலில் இருந்து 178 பொருட்களைக் கீழே இறக்கியது. அதில் பட்டாசும் ஒன்று. அந்த மாதம் 15ஆம் தேதி முதல் வரி 18% ஆனது. 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருட்களுக்கு வரி மாற்றப்பட்டபோதும் பட்டாசு 18%லேயே நின்றது.

தீப்பெட்டியின் கதை வேறு. கையால் செய்ததற்கு 5%, மற்றவற்றுக்கு 18% என்று ஆரம்பித்து, 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12% என்றாகி, 2025 செப்டம்பரில் 5%க்கு வந்தது.

"நான்தான் வரி கட்டறேன்": கடைக்காரர் சொல்வது சரியா?

பாதி சரி. ஜிஎஸ்டியை அரசிடம் செலுத்துவது வியாபாரிதான். ஆனால் அந்தப் பாரம் கடைசியாக வாங்குபவர் தலையில்தான் இறங்குகிறது.

ரூ.500 மதிப்புள்ள ஒரு கிஃப்ட் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 18% என்றால் ரூ.90. வாங்குபவர் கொடுப்பது ரூ.590. ஆலைக்காரர் பேப்பர், அலுமினியப் பவுடர், ரசாயனம் வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய தொகையில் கழித்துக்கொள்வார். ஆலைக்குக் கட்டியதைக் கடைக்காரர் கழித்துக்கொள்வார். கழித்துக்கொள்ள வழியில்லாத ஒரே ஆள், தீபாவளிக்கு வெடி வாங்கிப் போகும் குடும்பத் தலைவர்.

பட்டாசு விலைப் பட்டியலில் 80% தள்ளுபடி என்று போட்டிருப்பார்களே, அதற்கும் வரிக்கும் சம்பந்தம் உண்டா? இல்லை. பெட்டியின் மேல் அச்சடித்த விலைக்கு வரி கிடையாது, உண்மையில் விற்ற விலைக்குத்தான் வரி.

அதற்காகக் கடைக்காரருக்குப் பாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கணக்கு எழுத வேண்டும், மாதாமாதம் தாக்கல் செய்ய வேண்டும், கடனுக்குச் சரக்கு கொடுத்துப் பணம் வராவிட்டாலும் வரியைக் கட்டியாக வேண்டும். பொருள் விற்பனையில் ஆண்டுக்கு ரூ.40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்ற சலுகை தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் அந்தச் சலுகை இல்லை. சிவகாசிப் பட்டாசின் சந்தையே இந்தியா முழுக்க என்பதால் சின்ன ஆட்களும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"நீ வரியே கட்டறதில்ல": தொழிலாளியிடம் இப்படிச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. வருமான வரி மட்டும்தான் வரி என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது.

புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. அப்படிப் பார்த்தால் பட்டாசுத் தொழிலாளி மட்டுமல்ல, அந்த பெஞ்சில் இருக்கும் நாலு பேருமே வருமான வரி கட்டாதவர்களாக இருக்கலாம்.

ஆனால் சோப்பு, பேஸ்ட், செருப்பு, செல்போன் ரீசார்ஜ் என்று எதை வாங்கினாலும் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. இதுதான் மறைமுக வரி. வரிக்கு முன் ரூ.80,000 விலையுள்ள ஒரு பைக்கை ஒரு தொழிலாளி தவணையில் எடுத்தால், 18% கணக்கில் ரூ.14,400 ஜிஎஸ்டி. 350 சிசிக்குள் உள்ள பைக்குகளுக்கு இது 2025 செப்டம்பர் வரை 28% ஆக இருந்தது. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. அவற்றுக்குத் தனி வரி உண்டு.

பொருளாதார வல்லுநர்கள் மறைமுக வரியைக் குறை சொல்வதும் இந்த இடத்தில்தான். வருமான வரி ஆளைப் பார்த்து விழும். சம்பளம் கூடினால் விகிதமும் கூடும். ஜிஎஸ்டிக்கு ஆள் தெரியாது. தினம் ரூ.500 கூலி வாங்குபவரும் ஆலை முதலாளியும் ஒரே சோப்புக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் கூலிக்காரர் கட்டும் பங்கு பெரியது.

இதுபோக ஊராட்சிக்கு வீட்டு வரியும் தொழில் வரியும் இருக்கின்றன. தொழில் வரி ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு ரூ.2,500க்கு மேல் போகக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு வரம்பு போட்டிருக்கிறது.

"எல்லாம் வடக்கே போகுது": உண்மை என்ன?

இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதலாவது, ஜிஎஸ்டி எந்த மாநிலத்துக்குப் போகிறது? ஜிஎஸ்டி என்பது பொருள் நுகரப்படும் இடத்தில் சேரும் வரி. அந்த ரூ.90ஐ மறுபடி எடுத்துக்கொள்வோம். பெட்டி மதுரையில் விற்றால் மத்திய அரசுக்கு ரூ.45, தமிழ்நாட்டுக்கு ரூ.45. அதே பெட்டி பாட்னாவுக்குப் போனால் ரூ.45 மத்திய அரசுக்கு, மீதி ரூ.45 பீகாருக்கு. தமிழ்நாட்டுக்கு நேரடியாக எதுவும் இல்லை.

முன்பு வெளிமாநில விற்பனைக்கு 2% மத்திய விற்பனை வரி இருந்தது. அது பொருளை உற்பத்தி செய்து அனுப்பும் மாநிலத்துக்குச் சேர்ந்தது. ஜிஎஸ்டியில் அது போய்விட்டது. உற்பத்தி மாநிலங்கள் இதனால்தான் ஆரம்பத்தில் எதிர்ப்புக் காட்டின. ஐந்து ஆண்டுகளுக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லிச் சமாதானம் செய்தார்கள். அந்த இழப்பீட்டுக் காலம் 2022 ஜூன் 30 உடன் முடிந்தது.

இரண்டாவது, மத்திய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு? இதை நிதிக்குழு முடிவு செய்கிறது. 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு, பகிரக்கூடிய வரியில் 41% மாநிலங்களுக்கு என்றது. அந்த 41%ஐ மாநிலங்கள் பிரித்துக்கொள்வதில் தமிழ்நாட்டுக்கு 4.079%, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939%, பீகாருக்கு 10.058%.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சூத்திரத்தில் 45% எடை வருமான இடைவெளிக்கு. அதாவது தனிநபர் வருமானம் குறைவாக உள்ள மாநிலத்துக்கு அதிகம். மக்கள்தொகைக்கு 15%, பரப்பளவுக்கு 15%, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5%, காடுகளுக்கு 10%. நன்றாக வரி வசூலிப்பதற்கான எடை வெறும் 2.5%. மத்திய அரசு விதிக்கும் செஸ், கூடுதல் வரி ஆகியவை இந்தப் பங்கீட்டுக்குள் வருவதே இல்லை.

'ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது' என்று திமுக தலைவர்கள் மேடைகளில் சொல்வது இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டத்தான். இதற்கு எதிர்வாதமும் உண்டு. ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் அதன் வருமான வரி கணக்கில் ஏறும், லாபம் வந்ததோ நாடு முழுக்க நடந்த விற்பனையில். அதனால் 'இந்த மாநிலம் கொடுத்த வரி இவ்வளவு' என்று பைசா சுத்தமாகப் பிரிப்பது கடினம்.

பெஞ்சில் இருக்கும் கடைக்காரர் இதை வேறு மாதிரி சொல்வார்: "வடக்க போகுது வடக்க போகுதுங்கிறியே, நம்ம வெடிய வாங்கி வெடிக்கிறதும் வடக்குதான மாப்ள?"

இந்தச் சண்டை புதுசா?

வரி பற்றிய வாக்குவாதம் தமிழுக்குப் பழையது. புறநானூற்றின் 184ஆவது பாடலில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு இதைத்தான் சொல்கிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சின்ன வயலும் யானைக்குப் பல நாளைக்குத் தீனி போடும். யானையே வயலுக்குள் புகுந்தால் தின்பதைவிட மிதித்து வீணாக்குவது அதிகம். வரியே வேண்டாம் என்று புலவர் சொல்லவில்லை, வசூலிக்கும் முறையைத்தான் பேசுகிறார். சங்ககாலக் கவிதை என்றாலும் 28% வரியை எதிர்த்து ஆலையை மூடியவர்கள் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

நம் காலத்துக்கு வந்தால், இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி பிறந்தது சென்னை மாகாணத்தில். அன்றைய பிரதமரான ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராயத்தில் இருந்து வந்த வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939இல் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், வரி நின்றது.

வேடிக்கை என்னவென்றால், மதுவை ஒழிக்க வந்த விற்பனை வரியும் தங்கிவிட்டது, மதுவும் திரும்பிவிட்டது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2024-25இல் மது மூலம் அரசுக்கு வந்த வருவாய் ரூ.48,000 கோடிக்கு மேல்.

'வரியை உயர்த்தக் கூடாது, மதுக்கடையையும் மூட வேண்டும்' என்று ஒரே மூச்சில் கேட்பவர்கள் உண்டு. இரண்டுமே நியாயமான கோரிக்கையாக இருக்கலாம். ஆனால் 1939இல் ராஜாஜி எதிர்கொண்ட கேள்விக்கு இரண்டையும் கேட்பவர் பதில் வைத்திருக்க வேண்டும்: அந்தப் பணத்துக்கு வேறு வழி எது?

"கவர்ன்மென்ட் தொழில்ல தலையிடக் கூடாது": அப்படியா?

விற்பனை வரியைக் கொண்டுவந்த அதே ராஜாஜி 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் உரிமம் கேட்கும் ஆட்சியை 'பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்' என்று சாடினார். பட்டாசு ஆலை நடத்துபவர் யாருக்கும் இந்த வார்த்தை உடனே புரியும்.

இந்தத் தொழில் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆலையின் அளவைப் பொறுத்து மாவட்ட நிர்வாகத்திடமோ, மத்திய அரசின் பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்திடமோ உரிமம் வாங்க வேண்டும். மாவட்ட அளவிலான உரிமத்தில் ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் கையாளக் கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இதுபோக வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, தீயணைப்பு, போலீஸ் என்று ஆய்வுக்கு வருபவர்கள் பலர்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் அனுமதி தந்து, பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. ஒரே உத்தரவில் பல ஆலைகளின் சரக்குப் பட்டியலே மாறிப்போனது. 'தலையிடாதே' என்ற கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் இதே வட்டாரம் அரசைத் தலையிடச் சொல்லிக் கேட்டதும் உண்டு. மூன்று உதாரணங்கள் பார்க்கலாம்.

ஒன்று, லைட்டர். பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டி வியாபாரம் படுத்துவிட்டது என்று சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி உற்பத்தியாளர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். 2023 ஜூன் 29 அன்று ரூ.20க்குக் குறைவான விலையுள்ள சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. 2024 அக்டோபரில் லைட்டர் உதிரி பாகங்களுக்கும் தடை வந்தது.

இரண்டு, சீனப் பட்டாசு. பட்டாசை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. இந்தச் சுவர் இல்லாவிட்டால் சிவகாசிச் சந்தையின் நிலை என்ன என்பது ஆலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று, தீப்பெட்டியின் வரலாறே. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினார்கள். அப்போது எதிரே நின்றது ஸ்வீடன் முதலீட்டில் வந்த விம்கோ. சுதந்திரத்துக்குப் பிறகு, இயந்திரத்தில் செய்ததைவிடக் கையால் செய்த தீப்பெட்டிக்குக் குறைந்த கலால் வரி போட்டது அரசு. பெரிய கம்பெனியோடு சின்ன ஆட்கள் தாக்குப்பிடித்ததற்கு அவர்களுடைய உழைப்போடு அந்த வரி வித்தியாசமும் ஒரு காரணம்.

ஆக, தொழில் நடத்துபவர் கேட்பது 'அரசே வேண்டாம்' என்பதல்ல. 'இந்த இடத்தில் வா, அந்த இடத்தில் வராதே' என்பதுதான். பெஞ்சில் இருக்கும் மற்ற மூவர் கேட்பதும் அதுதான், இடம் மட்டும் மாறும்.

அரசு வராத இடத்தில் என்ன நடக்கிறது?

இந்த வட்டாரத்தில் இந்த விவாதம் உயிர் சம்பந்தப்பட்டது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஆலை விபத்து: சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம் விபத்து: 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் நடந்த வெடிவிபத்தில் குழந்தை உட்பட உயிர்கள் போயின. அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துப் பட்டாசு செய்ததாகச் சொல்லப்பட்டது.

முதலிப்பட்டி, அச்சங்குளம் இரண்டிலும் அடிபட்ட வார்த்தை 'உள்குத்தகை'. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வேறு வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். குத்தகை எடுத்தவர் போட்ட காசை எடுக்க அறைக்குள் கூடுதல் ஆளை உட்கார வைப்பார், கூடுதல் மருந்து கலப்பார்.

இதில் வரி எங்கே வருகிறது? கணக்கில் இல்லாத உற்பத்திக்குப் பில் இருக்காது. பில் இல்லாத சரக்கைச் செய்தவருக்கு வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. பெயர் இல்லாதவருக்கு இஎஸ்ஐ இருக்காது.

இஎஸ்ஐயில் பதிவான தொழிலாளிக்கு மாதச் சம்பளத்தில் 0.75% பிடிப்பார்கள், முதலாளி 3.25% போடுவார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். வேலையில் விபத்து நடந்து அவர் இறந்தால், சராசரிக் கூலியில் 90% குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகையாக வரும். இது யாரிடமும் மனு கொடுத்துக் காத்திருந்து வாங்குவதல்ல, உரிமை.

பதிவில் இல்லாத குடும்பம் நம்பியிருக்க வேண்டியது அரசு அறிவிக்கும் நிவாரணத்தை. அச்சங்குளம் விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு தலா ரூ.3 லட்சமும் பிரதமரின் நிவாரண நிதியில் இருந்து தலா ரூ.2 லட்சமும் அறிவிக்கப்பட்டன. பின்னர் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலா ரூ.20 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. விபத்தில் பெற்றோரை இழந்த பட்டாசுத் தொழிலாளர் குழந்தைகளின் கல்விச் செலவுக்காக முதல் கட்டமாக ரூ.5 கோடி ஒதுக்குவதாக 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

மாநில அரசு கொடுக்கும் நிவாரணம் யார் பணம்? சோப்புக்கும் பைக்குக்கும் வரி கட்டியவர்களின் பணம். விதியை மீறி அறைக்குள் மிச்சம் பிடித்த காசு ஒருவர் பைக்குப் போகிறது. அதனால் வரும் செலவோ எல்லோருடைய வரியிலும் ஏறுகிறது.

குழந்தைத் தொழிலாளர் விஷயமும் இப்படித்தான். சிவகாசி ஆலைகளில் குழந்தைகள் வேலை பார்த்தது தொடர்பான வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்று அது தொழிலில் பெரிய தலையீடு. இன்று தாயில்பட்டியில் யாரும் 'பிள்ளைகளை மறுபடி ஆலைக்கு அனுப்பலாம்' என்று டீக்கடையில் பேச மாட்டார்கள்.

"எல்லாத்தையும் இலவசமா கொடுத்தே அழிக்கிறாங்க": கணக்கு என்ன சொல்கிறது?

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டின் மதிப்பீட்டைப் பார்ப்போம்.

* மொத்த வருவாய் வரவு: சுமார் ரூ.3.31 லட்சம் கோடி
* மாநிலத்தின் சொந்த வரி: சுமார் ரூ.2.20 லட்சம் கோடி (மூன்றில் இரண்டு பங்கு)
* மத்திய வரிகளில் பங்கு: சுமார் ரூ.58,000 கோடி
* வருவாய்ப் பற்றாக்குறை: ரூ.41,635 கோடி
* மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கீடு: ரூ.13,807 கோடி

பற்றாக்குறை என்றால், அன்றாடச் செலவுக்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே 'இதெல்லாம் கட்டுபடியாகுமா?' என்ற கேள்வி நியாயமானது.

அதே சமயம் எல்லாவற்றையும் 'இலவசம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதும் சரியல்ல. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழத்தான் செய்தது. படிக்க வந்த பிள்ளைகள் பின்னாளில் சம்பாதித்து வரி கட்டுபவர்களாக மாறினார்கள். ஒரு செலவு நாளைக்கு என்ன திருப்பித் தரும் என்று பார்த்தால் மிக்சியும் மதிய உணவும் ஒன்றல்ல என்பது தெரியும்.

தமிழ்நாட்டின் இலவச கலர் டிவி தொடர்பான வழக்கில் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. இந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் கேள்வி 2022 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

அடுத்த முறை சண்டை வந்தால் என்ன கேட்கலாம்?

'வரி வேண்டுமா வேண்டாமா' என்று கேட்டால் விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது. கேள்வியைச் சின்னதாக்கினால் பதில் கிடைக்கும்.

1. எந்த வரி? ஜிஎஸ்டியா, வருமான வரியா, வீட்டு வரியா? ஜிஎஸ்டி விகிதம் மத்திய, மாநில நிதி அமைச்சர்கள் உட்காரும் கவுன்சிலில் முடிவாகிறது. வீட்டு வரி உங்கள் ஊராட்சிக்குப் போகிறது. யாரைத் திட்ட வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

2. கடைசியில் யார் கொடுக்கிறார்? பில்லில் பெயர் இருப்பவரா, விலைக்குள்ளேயே வரியைக் கொடுப்பவரா?

3. அரசு எந்த இடத்தில் வர வேண்டும், எந்த இடத்தில் வரக் கூடாது? லைட்டருக்குத் தடை கேட்பவர் அறைக்குள் ஆய்வாளர் வருவதை எதிர்த்தால், காரணத்தைக் கேளுங்கள். காரணம் லஞ்சம் என்றால், கேட்க வேண்டியது ஒழுங்கான ஆய்வை. ஆய்வே வேண்டாம் என்பது அதற்குத் தீர்வாகாது.

4. அரசு செய்யாவிட்டால் அந்தச் செலவு யார் தலையில் விழும்?

கையோடு செய்யக்கூடிய இரண்டு வேலைகளும் இருக்கின்றன. பட்டாசு வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேளுங்கள். அதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33இல் தொடங்கும். ஆலையில் வேலை பார்ப்பவர் என்றால் உங்கள் பெயர் வருகைப் பதிவேட்டிலும் இஎஸ்ஐயிலும் இருக்கிறதா என்று பாருங்கள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கெனத் தனி நல வாரியமும் இருக்கிறது. அதில் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் கேட்கும் கேள்வியை அதிகாரபூர்வமாகக் கேட்கவும் ஓர் இடம் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். வாக்காளர் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். பெஞ்சில் இருக்கும் நாலு பேரும் சேர்ந்தே போகலாம்.